கற்காரையின் முதல் ஏழு நாள்கள்

நெகிரி செம்பிலான் தோட்டப்புறத்தை முன்வைத்து ஒரு கட்டுமான வரலாறு

1. பொருளும் எல்லையும்

சிரம்பானிலிருந்து லாபு, நீலாய் வழியாகச் செல்வோர் இன்று காண்பவை அடுக்குமாடிகளும் தொழிற்பேட்டைகளும் கல்விக்கூட வளாகங்களும் ஆகும். இரண்டு தலைமுறைகளுக்கு முன் இவ்வழியின் இருமருங்கிலும் ரப்பர் மரங்கள் நின்றன. பின்னர்ச் செம்பனை நின்றது. 1998ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் அண்டையிலுள்ள சிப்பாங்கில் புதிய அனைத்துலக விமான நிலையம் திறக்கப்பட்டது. அதனையொட்டி நெகிரி செம்பிலானின் வடமேற்கு எல்லை விரைந்து நகராயிற்று. தோட்டங்கள் பல மறைந்தன. அவற்றின் பெயர்கள் தமிழ்ப்பள்ளிகளில் எஞ்சின. லின்சம், கெர்பி, கெடிஸ் ஆகிய தோட்டப் பெயர்களை நம் பள்ளிகள் இன்றும் தாங்கி நிற்கின்றன.

தோட்டத்தின் வரலாற்றை நாம் மரத்தின் வரலாறாக எழுதியுள்ளோம். கூலியின் வரலாறாகவும் கண்ணீரின் வரலாறாகவும் எழுதியுள்ளோம். அம்மண்ணில் கட்டப்பட்டவற்றின் வரலாற்றை மிகக் குறைவாகவே எழுதியுள்ளோம். அக்குறையில் ஒரு சிறு பகுதியையேனும் நிரப்புவது இப்பொழிவின் நோக்கம். எடுத்துக்கொண்ட பொருள் குறுகியது. தடித்த அடித்தளங்களில் வார்க்கப்படும் கான்கிரீட், இறுகும்போது தனக்குள்ளேயே வெப்பத்தை உண்டாக்குகிறது. அவ்வெப்பம் தணியும் முதல் சில நாள்களிலேயே விரிசல் தோன்றக்கூடும். அதனை மனிதர் எவ்வாறு அறிந்தனர், எவ்வாறு அடக்கக் கற்றனர் என்பதையே நாம் ஆராயப் புகுகிறோம்.

இவ்வாராய்ச்சியின் முடிவாக நாம் நிறுவ விரும்புவது ஒன்று உண்டு. தலைமுறை தலைமுறையாக நம்மவர் கைகளில் வந்த கட்டுமானப் பழக்கம், அதன் காரணத்தோடு சேர்த்துச் சொல்லப்படாதபோது, பொருளும் அளவும் மாறிய இடத்தில் நமக்கே எதிராகத் திரும்பிவிடும். மெல்லிய காரைக்கு மருந்தாக இருந்த குளிர்நீரே தடித்த அடித்தளத்தில் விரிசலுக்கு வழி திறக்கிறது.

2. நீற்றிய சுண்ணாம்பின் காலம்

'காரை' தமிழில் பழைய சொல். சுண்ணாம்பும் மணலும் கலந்த கட்டுகலவையை அது குறித்தது. சாந்து, சுதை ஆகியன அதன் உறவுச் சொற்கள். கல்லும் காரையும் சேர்ந்தது என்னும் பொருளில் கான்கிரீட்டைக் 'கற்காரை' என்று தமிழாக்கினர். இப்பொழிவில் நாமும் அச்சொல்லையே ஆள்கிறோம்.

சுண்ணாம்பு நீற்றுவதை ஒருமுறை பார்த்தவர் அதன் சூட்டை மறக்கமாட்டார். சுட்ட சுண்ணாம்பில் நீர் பட்டதும் அது கொதித்துப் பொங்கி, ஆவியெழுப்பி, உதிர்ந்து மாவாகிறது. தூய சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோ நீறும்போது 1,100 கிலோஜூலுக்கும் மேற்பட்ட வெப்பம் வெளிப்படும். இங்கு நாம் கருத்தில் கொள்ளவேண்டியது, அவ்வெப்பம் எங்கே வெளிப்படுகிறது என்பதாகும். அது நீற்றுக் குழியிலேயே தீர்ந்துவிடுகிறது. நீறி, ஆறிய சுண்ணாம்பே சுவருக்குச் செல்கிறது. செங்கற்பொடியாகிய சுர்க்கியோடு கலக்கும்போது அது மிக மெதுவாக இறுகும். பிறக்கும் சிறு வெப்பமும் மெல்லக் கசிந்து போகும். எனவே பழைய காரைவேலையில் உள்வெப்பம் ஒரு சிக்கலாகத் தலையெடுக்கவில்லை.

இதற்குத் தக்க சான்று, 1887 முதல் 1895 வரை பென்னிகுயிக் தலைமையில் எழுப்பப்பட்ட முல்லைப்பெரியாறு அணை. அதன் உடல் சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த காரையால் ஆனது. அவ்வளவு பருமனான கட்டுமானத்தை வெப்பத்தைத் தணிக்கும் குழாய்களோ பனிக்கட்டியோ இன்றி எழுப்ப முடிந்தமைக்கு அச்சுண்ணாம்பின் மெத்தனமும் ஒரு காரணம் எனலாம்.

இக்கைத்திறன் கடல் கடந்தும் வந்தது. சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயம் 1856 முதல் 1861 வரை இந்தியக் கைதிகளின் உழைப்பில் எழுந்தது. அதன் சுவர்களுக்கு மெருகேற்றியது 'சென்னைச் சுண்ணம்' எனப் பெயர்பெற்ற பூச்சு ஆகும். சுண்ணாம்போடு முட்டையின் வெண்கருவையும் சர்க்கரையையும் சேர்த்துப் பிசைந்து, தேங்காய் மட்டை ஊறிய நீரால் பதப்படுத்தினர். பூசியபின் உலர்ந்து வெடிக்காதவாறு நனைத்து நனைத்துத் தேய்த்தனர். 'நனைத்தல்' என்னும் பழக்கத்தின் வேர் இங்கே உள்ளது.

3. தோட்டத்துக் காரைவேலை

பிற்காலத்தில் நெகிரி செம்பிலானின் பகுதியான சுங்கை ஊஜோங்கில் 1874இல் பிரிட்டிஷ் ஆதிக்கம் நுழைந்தது. 1891இல் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டது. காப்பித் தோட்டங்கள் முதலில் தோன்றின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் அவற்றின் இடத்தைப் பிடித்தது. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிவுக்கு வந்தபின்னும் கங்காணி முறையில் தமிழ்நாட்டினின்று மக்கள் வந்துகொண்டே இருந்தனர். 1938இல் இந்திய அரசு அதனைத் தடுத்தது.

வந்தவர்கள் பால்மரம் வெட்டினார்கள் என்பதோடு நம் நூல்கள் பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. ஆயின் ஒரு தோட்டம் இயங்குவதற்கு வடிகால் வேண்டும், சிறு பாலம் வேண்டும், நீர்த்தொட்டி வேண்டும், பாலை உறையவைக்கும் தொட்டிகளும், உருளைகளை ஓட்டும் எந்திரங்களும், புகையூட்டும் கொட்டகையும் வேண்டும், லயத்து வீடுகளுக்குத் தரை வேண்டும். இவற்றையெல்லாம் கட்டிப் பேணவும் கைகள் தேவைப்பட்டன.

இவ்வேலைகளுள் பெரும்பாலானவை மெல்லியவை. தரையும் தொட்டிச் சுவரும் ஒரு சாணுக்கு மேல் தடிப்பதில்லை. மெல்லிய காரையின் பகை வறட்சி. வெயிலும் காற்றும் அதன் ஈரத்தை உறிஞ்சிவிட்டால் மேற்பரப்பு பாளம் பாளமாக வெடிக்கும். ஆகவே கொத்தனார்கள் சாக்கை நனைத்துப் போர்த்தினர். தளத்தின் மேல் சிறு வரப்பு எழுப்பி, வயலில் செய்வதுபோலப் பாத்தி கட்டி நீர் நிறுத்தினர். இது முற்றிலும் சரியான முறை. சிமெண்டு இறுகுவதற்கு நீர் வேண்டும். நீர் ஓடிப்போகாமல் காப்பதே காரையை வளர்க்கும் முதற்பணி. பயிர்த்தொழிலின் சொல்லையே கட்டுமானத்துக்கு எடுத்தாண்டதிலிருந்து, அவர்கள் காரையை உயிருள்ள ஒன்றைப்போலக் கருதினர் என்பது விளங்கும்.

4. சிமெண்டோடு வந்த சூடு

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரைச் சேர்ந்த ஜோசப் ஆஸ்ப்டின் 1824இல் போர்ட்லாந்து சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் சிமெண்டு செய்யும் முதல் முயற்சி 1904இல் சென்னையில் நடந்தது. நம் நாட்டில் 1950களின் முற்பகுதியில் சிலாங்கூரின் ரவாங்கில் மலாயன் சிமெண்டு நிறுவனத்தின் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது.

சிமெண்டு சுண்ணாம்பைவிட விரைந்து இறுகியது. மிகுந்த வலிமை தந்தது. அதற்குரிய விலை வெப்பம். சிமெண்டுத் துகள் நீரோடு வினைபுரிவதை 'நீரேற்றம்' என்கிறோம். சாதாரணப் போர்ட்லாந்து சிமெண்டு ஒரு கிலோ, முதல் ஏழு நாள்களில் ஏறக்குறைய 300 முதல் 350 கிலோஜூல் வெப்பத்தை வெளியிடும். அளவில் இது சுண்ணாம்பு நீறும் வெப்பத்தினும் குறைவே. ஆயின் அது குழியில் தீராமல், கட்டுமானத்தின் வயிற்றுக்குள்ளேயே பிறக்கிறது. மேலும் இருபதாம் நூற்றாண்டில் சிமெண்டை மேன்மேலும் நுண்ணியதாக அரைத்தனர்; விரைவில் வலிமை தரும் சேர்மங்களை மிகுவித்தனர். வேலை விரைந்தது, வெப்பமும் விரைந்தது.

பொறியாளர் கையாளும் எளிய கணக்கொன்றை மாணவர்கள் நினைவிற் கொள்ளலாம். தடித்த வார்ப்பில், ஒரு கன மீட்டர் கற்காரையில் உள்ள ஒவ்வொரு 100 கிலோ சிமெண்டும் வெப்பநிலையை ஏறக்குறைய 12 டிகிரி செல்சியஸ் உயர்த்தும். 400 கிலோ சிமெண்டு இருப்பின் உயர்வு 48 டிகிரி. குளிர்நாட்டில் 12 டிகிரியில் வார்க்கப்படும் கலவை 60 டிகிரியை எட்டும். நம் நாட்டில் நண்பகலில் 32 டிகிரியில் வார்க்கப்படும் அதே கலவை 80 டிகிரியை எட்டும். கை வைக்க முடியாத சூடு அது.

5. வெப்பம் விரிசலாவது எவ்வாறு

வெப்பம் ஏறும்போது கற்காரை பெரும்பாலும் வெடிப்பதில்லை. அப்பொழுது அது இளகிய நிலையில் உள்ளது, விரிவுக்கு இடங்கொடுக்கிறது. தீங்கு குளிரும்போது நேர்கிறது. அதற்குள் அது இறுகிவிட்டது, சுருங்க முயல்கிறது, சுருங்கவிடாமல் ஏதோ ஒன்று தடுக்கிறது. தடுக்கப்பட்ட சுருக்கம் இழுவிசையாகிறது. கற்காரை அழுத்தத்தைத் தாங்குவதில் வல்லது. இழுவையைத் தாங்கும் திறனோ அதில் பத்தில் ஒரு பங்கு அளவே. இளங்காரைக்கு அதுவும் இராது.

தடை இருவகைப்படும். முதலாவது அகத்தடை. தடித்த வார்ப்பின் நடு சூடாகவும் மேற்பரப்பு குளிர்ந்தும் இருக்கும்போது, விரிந்து நிற்கும் நடு, சுருங்கும் மேற்பரப்பை விடாமல் இழுத்துப் பிடிக்கிறது. மேற்பரப்பு கிழிகிறது. இரண்டாவது புறத்தடை. முன்பே இறுகிய அடித்தளத்தின்மேல் புதிய சுவரை வார்த்தால், குளிரும் சுவரை அடித்தளம் சுருங்கவிடாது. அடியிலிருந்து மேல்நோக்கி, ஏறக்குறைய ஒழுங்கான இடைவெளிகளில் நெடுக்கு விரிசல்கள் தோன்றும். நீர்த்தொட்டிச் சுவர்களிலும் மண்தாங்கு சுவர்களிலும் இவற்றைக் காணலாம்.

அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். கருங்கல் ஜல்லியிட்ட கற்காரை, ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் ஏறக்குறைய 0.01 மில்லிமீட்டர் சுருங்கும். 30 மீட்டர் நீள அடித்தளம் 40 டிகிரி குளிர்ந்தால் 12 மில்லிமீட்டர் சுருங்க முயலும். சிறு விரற்கடை அளவு எனலாம். அச்சுருக்கத்திற்கு இடமில்லையேல் அது விரிசலாக வெளிப்படும்.

தடிப்பு மிகுதியாகும்போது என்ன நேர்கிறது என்பதை அறிவது இன்றியமையாதது. வெப்பம் வெளியேற எடுக்கும் காலம் தடிப்பின் இருமடியைப் பொறுத்தது. 15 சென்டிமீட்டர் சுவர் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் சூழலோடு ஒத்துவிடும். 1.5 மீட்டர் சுவருக்கு ஒரு வாரம் ஆகும். 15 மீட்டர் தடிப்புக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வேண்டும். தடிப்பு பத்து மடங்கானால் காலம் நூறு மடங்காகிறது. ஆகவே சாணளவுத் தளத்தில் கற்ற பாடத்தை ஆளுயரத் தெப்பத்துக்கு அப்படியே பொருத்துதல் இயலாது. சிறு வீட்டின் கடைகாலுக்கு இச்சிக்கல் இல்லை. அரை மீட்டரைக் கடந்து தடிப்பு ஏற ஏறவே கவலை தொடங்குகிறது.

6. ஹூவர் அணை தந்த பாடம்

இச்சிக்கலை உலகம் முழுமையாக எதிர்கொண்ட இடம் அமெரிக்காவின் கொலராடோ ஆறு. அங்கு ஹூவர் அணைக்கு 1933ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் முதற்கற்காரை இடப்பட்டது. அணைக்கு வேண்டியது ஏறக்குறைய 25 லட்சம் கன மீட்டர். ஒரே பாறையாக வார்த்துவிட்டால் அது தானாகக் குளிர நூறு ஆண்டுகளுக்கு மேலாகும் என்று பொறியாளர் கணக்கிட்டனர். அத்தனை காலமும் அது சுருங்கிச் சுருங்கி வெடித்துக்கொண்டே இருக்கும்.

அவர்கள் அணையைத் தனித்தனிக் கட்டங்களாகப் பிரித்தனர். ஒவ்வொன்றையும் சிறு சிறு அடுக்குகளாக வார்த்தனர். அடுக்குகளுக்கிடையே ஓர் அங்குல விட்டமுள்ள எஃகுக் குழாய்களைப் பதித்து, முதலில் ஆற்று நீரையும் பின்னர்க் குளிரூட்டிய நீரையும் செலுத்தினர். அக்குழாய்களின் மொத்த நீளம் 900 கிலோமீட்டருக்கும் மேல். காரை குளிர்ந்து சுருங்கியபின், கட்டங்களுக்கிடையே தோன்றிய இடைவெளிகளையும் குழாய்களையும் சிமெண்டுப் பாலால் அடைத்தனர். சுருக்கத்தைத் தடுக்க முயலாமல், அதனை முன்னதாகவே நிகழவிட்டுப் பின்னர் மூடியதே இம்முறையின் நுட்பம். குறைந்த வெப்பம் தரும் சிமெண்டு வகைகளும் அக்காலத்து அணைகளை ஒட்டியே வளர்ந்தன.

அணைகளுக்குரிய இவ்வறிவு கட்டடங்களுக்கு வரச் சில பத்தாண்டுகள் ஆயின. கட்டடங்கள் உயர்ந்து, அவற்றின் அடித்தளம் தடித்தபோதுதான் அதன் தேவை உணரப்பட்டது. பிரிட்டனின் 'சிரியா' என்னும் கட்டுமான ஆய்வு நிறுவனம், இளங்காரையின் வெப்ப விரிசலைக் கட்டுப்படுத்துவது குறித்து 1981இல் தன் 91ஆம் அறிக்கையை வெளியிட்டது. 2007இல் அதனை விரித்துப் புதுப்பித்தது.

7. கோலாலம்பூரின் தெப்பம்

நம் நாட்டில் இதற்குரிய பெரிய எடுத்துக்காட்டு பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம். 1993இல் அதற்காக நிலம் அகழப்பட்டது. அடியில் சுண்ணாம்புப் பாறையும் குகைவெளிகளும் இருந்தமையால் கோபுரங்களின் இடத்தையே 60 மீட்டர் தள்ளி அமைத்தனர். ஆழ்தூண்களின் மேல், ஒவ்வொரு கோபுரத்துக்கும் 4.5 மீட்டர் தடிப்புள்ள தெப்ப அடித்தளம் வார்க்கப்பட்டது. ஒவ்வொன்றும் 13,200 கன மீட்டர். இடைவிடாமல் 54 மணி நேரம் வார்த்தனர்.

மாணவர்கள் இதனை வகுத்துப் பார்க்கலாம். மணிக்கு ஏறக்குறைய 244 கன மீட்டர். ஆறு கன மீட்டர் கொள்ளும் கலவை வண்டி எனக் கொண்டால், ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு வண்டி. இரண்டு இரவும் இரண்டு பகலும் அதற்கு மேலும் இவ்வோட்டம் நிற்கவில்லை. ஏன் நிறுத்தவில்லை? நிறுத்தினால் இறுகிய அடுக்கின்மேல் புதிய அடுக்கு அமர்ந்து, இரண்டுக்கும் இடையே வலிமையற்ற இணைப்பும் புறத்தடையும் உண்டாகும். நிறுத்தாவிடில் வெப்பம் முழுவதும் ஒரே உடலில் திரளும். இவ்விரண்டு தீங்குகளுக்கும் நடுவே வழி காண்பதே தடித்த அடித்தளம் வார்க்கும் கலை.

8. நனைப்பதா, போர்த்துவதா?

இங்கே நாம் பொழிவின் மையத்திற்கு வருகிறோம். 4.5 மீட்டர் தெப்பத்தின் மேற்பரப்பு மூன்றாம் நாள் சூடாக இருக்கிறது. பழகிய கை என்ன செய்யும்? பாத்தி கட்டிக் குளிர்நீரை நிறுத்தும். சூடு என்றால் தணிக்கவேண்டும் என்பதே இயல்பான எண்ணம். ஆயின் அந்நீர் நடுப்பகுதியின் வெப்பத்தைத் தொடவும் மாட்டாது. மேற்பரப்பை மட்டும் திடீரெனக் குளிர்விக்கும். நடுவுக்கும் மேற்பரப்புக்கும் உள்ள வேறுபாடு பெருகும். அகத்தடை கூடும். விரிசல் வரும்.

தடித்த வார்ப்பில் செய்யவேண்டியது இதற்கு நேர்மாறு. மேற்பரப்பைச் சூடாகவே வைத்திருக்கவேண்டும். ஈரம் போகாதவாறு முதலில் பிளாஸ்டிக் தாளால் மூடி, அதன்மேல் நுரைப்பலகையோ தடித்த கம்பளமோ இட்டுப் போர்த்துகின்றனர். உள்ளும் புறமும் சேர்ந்தே மெல்லக் குளிரவேண்டும். நடுவுக்கும் மேற்பரப்புக்கும் இடையே 20 டிகிரிக்கு மேல் வேறுபாடு கூடாது என்பது நெடுங்காலமாக வழங்கும் விதி. இதற்காக அடியிலும் நடுவிலும் மேலும் வெப்பநிலையை அளக்கும் உணர்கம்பிகளைப் பதித்து, மணிதோறும் அளவைக் குறிக்கின்றனர். உச்ச வெப்பம் 70 டிகிரியைக் கடக்கவிடாமலும் காக்கின்றனர். கடந்தால், எட்ரிங்கைட் என்னும் படிகம் ஆண்டுகள் கழித்துக் காரைக்குள் காலந்தாழ்ந்து வளர்ந்து, உள்ளிருந்தே அதனை வீங்கச் செய்யக்கூடும்.

போர்வையை விரைந்து அகற்றுவதும், வார்ப்புப் பலகையை முன்கூட்டியே கழற்றுவதும், நடுப்பகுதி சூடாக இருக்கையில் மேற்பரப்பைக் குளிருக்குத் திறந்துவிடுவதாகும். மறுவேலைக்குப் பலகை வேண்டும் என்னும் அவசரமே பல விரிசல்களுக்குத் தாய். நெகிரி செம்பிலானில் இதற்கு மற்றொரு துணையும் உண்டு: மாலை மழை. பருவக்காற்று மாறும் மாதங்களில் பிற்பகலில் இடியோடு கொட்டும் மழை, திறந்து கிடக்கும் சூடான தெப்பத்தின்மேல் விழுந்தால் நொடியில் அதன் மேற்றோலைக் குளிர்வித்துவிடும். மழைத்தாள் இங்கே ஈரத்தைத் தடுப்பதற்காக மட்டும் விரிக்கப்படுவதன்று. சூட்டைக் காப்பதற்காகவும் விரிக்கப்படுகிறது.

நனைத்த கை தவறு செய்யவில்லை. மெல்லிய காரைக்கு அது சொன்னது உண்மை. 'ஈரம் போகாமல் காப்பதற்காக நனைக்கிறோம்' என்னும் காரணம் உடன் வந்திருந்தால், 'ஈரத்தைக் காத்துக்கொண்டே சூட்டையும் காக்க வழியுண்டா?' என்னும் அடுத்த வினா தானே எழுந்திருக்கும். செயல் மட்டும் வந்தமையால் வினா எழவில்லை.

9. மண்ணிலேயே உள்ள மருந்துகள்

போர்வை, பிறந்த வெப்பத்தை ஆளும் வழி. வெப்பம் பிறப்பதையே குறைக்கும் வழிகளும் உள்ளன.

முதலாவது, சிமெண்டைக் குறைத்தல். சிமெண்டின் ஒரு பகுதிக்கு மாற்றாக அனல்மின் நிலையத்து நிலக்கரிச் சாம்பலையோ, இரும்பாலைக் கசடின் மாவையோ சேர்க்கின்றனர். நெகிரி செம்பிலானின் கடலோரத்தில், போர்ட்டிக்சன் மாவட்டத்தில், 2009 முதல் இயங்கும் ஜிமா அனல்மின் நிலையமும் 2019இல் இணைந்த ஜிமா கிழக்கு நிலையமும் நிலக்கரியால் இயங்குபவை. இத்தகைய நிலையங்களின் புகையிலிருந்து பிரித்தெடுக்கப்படும் நுண்சாம்பலே இங்குக் கூறும் பொருள். 400 கிலோவில் 120 கிலோவைச் சாம்பலாக மாற்றி, சாம்பல் தரும் வெப்பம் சிமெண்டில் பாதி என்று வைத்துக்கொண்டால், 48 டிகிரி உயர்வு ஏறக்குறைய 41 ஆகக் குறையும். சாம்பற்காரை மெதுவாக வலிமை பெறும் என்பதால் 28 நாளுக்கு மாற்றாக 56 அல்லது 90 நாள் வலிமையைக் கணக்கிற் கொள்ள நேரும். சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டிருந்த பொறுமையை நாம் சாம்பலின் வழியாகத் திரும்பப் பெறுகிறோம். சுர்க்கியும் நிலக்கரிச் சாம்பலும் வேதியியல் முறையில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டும் சுண்ணாம்போடு மெல்ல வினைபுரிபவை.

இரண்டாவது, குளிர்ந்த கலவையை வார்த்தல். ஜல்லிக் குவியலுக்கு நிழல் இடுதல், இரவில் வார்த்தல், கலவை நீரின் ஒரு பகுதிக்கு மாற்றாகப் பனிக்கட்டித் துகளைச் சேர்த்தல் ஆகியன இவ்வகை. ஒரு கிலோ பனிக்கட்டி உருக 334 கிலோஜூல் வேண்டும். ஒரு கன மீட்டர் கற்காரையை ஒரு டிகிரி குளிர்விக்க ஏறக்குறைய 2,400 கிலோஜூல் போதும். ஆகவே 50 கிலோ பனிக்கட்டி, உருகுவதால் மட்டுமே கலவையை 7 டிகிரி குளிர்விக்கும். இங்குக் குளிர்ச்சி நன்மை செய்கிறது. ஏனெனில் அது கலவை முழுவதற்கும் ஒருசேரக் கிட்டுகிறது.

மூன்றாவது, ஜல்லியின் தேர்வு. தீவக்குறையின் நடுமலைத் தொடரைச் சார்ந்த நெகிரி செம்பிலானில் கருங்கல் மிகுதி. சுண்ணாம்புக்கல் ஜல்லி இட்ட காரை, கருங்கல் இட்டதைவிடக் குறைவாகவே விரிந்து சுருங்கும். எனினும் தொலைவிலிருந்து கொண்டுவரும் செலவையும் கல்லின் வலிமையையும் சேர்த்தே முடிவு செய்யவேண்டும்.

நான்காவது, கம்பி. கம்பி விரிசலைத் தடுப்பதில்லை. அதனைப் பகிர்ந்து சிறிதாக்குகிறது. தடித்த கம்பிகளை அகல அகல இடுவதைவிட, மெல்லிய கம்பிகளை நெருக்கி இட்டால், ஒரு பெரும்பிளவுக்கு மாற்றாக மயிரிழை விரிசல்கள் பல தோன்றும். நீர் தேக்கும் கட்டுமானங்களில் விரிசலின் அகலம் 0.2 மில்லிமீட்டரைக் கடக்கலாகாது என்பது பிரிட்டிஷ் தரநிலை வகுத்த வரம்பு. நீர் உட்புகுந்து கம்பி துருப்பிடித்தால் அடித்தளத்தின் ஆயுள் குறையும். மண்ணுக்கடியில் இருப்பதை யாரும் எளிதில் செப்பனிட முடியாது.

10. சொல்லும் கடமையும்

தோட்டம் இருந்த மண்ணில் இன்று வீடு வாங்குவோருள் அத்தோட்டத்துப் பிள்ளைகளின் பிள்ளைகளும் உள்ளனர். முப்பது ஆண்டுக் கடனில் அவர்கள் வாங்கும் அடுக்குமாடி, முதல் ஏழு நாள்களில் எவ்வாறு பேணப்பட்ட அடித்தளத்தின்மேல் நிற்கிறது என்பது அவர்கள் வாழ்வோடு தொடர்புடைய செய்தி. அவர்களுள் சிலர் பொறியாளராகவும் மேற்பார்வையாளராகவும் அவ்வடித்தளத்தை வார்ப்பவராகவும் ஆவர்.

விரிசலைக் கண்டால் நாம் பொதுவாக 'மண் இறங்கிவிட்டது' என்கிறோம். ஒவ்வொரு விரிசலுக்கும் பிறந்த நேரம் உண்டு. வார்த்த சில மணி நேரத்தில் தோன்றுவது ஈரம் வற்றிய வெடிப்பு. சில நாள்களில் தோன்றுவது வெப்ப விரிசல். மாதங்கள் கழித்துத் தோன்றுவது உலர்சுருக்கம். ஆண்டுகளில் தோன்றுவது பெரும்பாலும் மண்ணின் இறக்கமோ கம்பியின் துருவோ ஆகும். எப்பொழுது பிறந்தது என்று கேட்கக் கற்பதே காரணத்தை அறிவதன் முதற்படி.

இவ்வறிவைத் தமிழில் சொல்ல இயலுமா என்னும் ஐயத்திற்கு இடமில்லை. நீரேற்றம், உள்வெப்பம், அகத்தடை, புறத்தடை, தெப்ப அடித்தளம், போர்த்துதல் ஆகிய சொற்களால் இப்பொழிவு முழுவதையும் நடத்தியிருக்கிறோம். கொத்தனாரின் பாத்தியும் சாக்கும் நம்மிடம் முன்பே இருந்தன. அவற்றோடு காரணத்தைச் சேர்ப்பதே ஆசிரியர்க்குரிய பணி.

அதனை வகுப்பறையிலேயே தொடங்கலாம். ஒரே கலவையை இரண்டு சிறு வாளிகளில் நிரப்புக. ஒன்றை மேசைமேல் திறந்து வைக்க. மற்றொன்றைத் தடித்த நுரைப்பெட்டிக்குள் மூடி வைக்க. இரண்டிலும் கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு வெப்பமானியைச் செருகி, இரண்டு நாள்களுக்கு மணிதோறும் அளவு குறிக்க. ஈரச் சிமெண்டு தோலை அரிக்கும் ஆதலால் கையுறை அணிவது கட்டாயம். திறந்த வாளியின் வெப்பம் சிறிதே ஏறி அடங்கும். பெட்டிக்குள் இருப்பது அதனினும் உயர ஏறி, நெடுநேரம் தங்கும். அந்தப் பெட்டியே பெரிய அடித்தளத்தின் நடுப்பகுதி. திறந்த வாளி அதன் மேற்பரப்பு. இரண்டு கோடுகளையும் ஒரே வரைதாளில் வரைந்து, இடைவெளி மிக அகன்றிருக்கும் மணி நேரத்தை மாணவர் வட்டமிட்டுக் காட்டட்டும். அடித்தளத்தைப் போர்த்தவேண்டிய காரணத்தை அவ்வட்டம் அவர்களுக்கு விளக்கும்.